இறங்க மாட்டேன் என்ற சவாரி

போன மாதம் ஒரு நாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அஞ்சலை வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலை எங்கள் காம்பவுண்டுதான். ராயப்பேட்டையில் ஒரு சந்து, அதற்குள் ஒரு காம்பவுண்டு, அதில் ஆறு வீடு, எல்லோருக்கும் ஒரே குழாய். நான் ஆட்டோ ஓட்டுகிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — ஆட்டோ ஓட்டுகிறேன். அவ்வளவுதான்.

"நைனா, உன் பொண்டாட்டிக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆவலியே. ஏன்?"

"காலைல கொழாயாண்ட நடுவுல பூந்து கொடம் வச்சேன். கலா பின்னாடிதான் நிக்குது. ஒரு வார்த்த கேக்கல."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? நான் சண்டைக்கு ரெடியா போய் நிக்கிறேன். அது பாட்டுக்கு எங்கியோ பாத்துகினு நிக்குது. எனக்கு ஒரு மாதிரியா பூடுச்சு. என் கொடத்த எடுத்துட்டு அதோட கொடத்த நானே வச்சுட்டு வந்துட்டேன்."

அஞ்சலை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்றால்... விஷயம் பெரிசுதான்.

கலா என் மனைவி. பெருங்குடியில் ஒரு ஐ.டி. ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எங்களுக்கு ரெண்டு பெண்கள். பெரியவள் பவித்ரா, ஏழாவது படிக்கிறாள். சின்னவள் சுஜி, ரெண்டாவது.

கலா திட்டுவாள். நன்றாகத் திட்டுவாள். காம்பவுண்டில் யாருக்கும் கடிகாரம் தேவைப்படாது. "சாக்ஸ ஷூக்குள்ள சுருட்டி வச்சா அது தானா தொவச்சுக்குமா?" என்று சத்தம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. "டிபன் பாக்ஸ பேக்லயே ஊற வச்சிருக்கியே, அது இன்னா ஊறுகாயா?" என்று வந்தால் சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து குளிக்கும்.

அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் வந்தால் திரும்பிப் பார்ப்போம். சத்தம் நின்றால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நின்றிருக்க வேண்டும். மழையில் சுஜிக்குக் காய்ச்சல். அது விட்டதும் பவித்ராவுக்கு. நடுவில் பரீட்சை. ஆபீசில் கலாவோடு வேலை செய்த பெண் நின்றுவிட்டாள் — அந்தப் பெண் கூட்டித் துடைத்த மாடியும் கலா தலையில். நானோ விடிவதற்கு முன்னால் ரயில் சவாரிக்கு எழும்பூர் போய்விடுவேன். திரும்பி வரும்போது மூன்று பேரும் கிளம்பிப் போயிருப்பார்கள். வீடு கூட்டியிருக்கும். இட்லி மூடி வைத்திருக்கும்.

எனக்கு வீடு என்றால் அதுதான். கூட்டியிருக்கும், மூடி வைத்திருக்கும். தானாக நடக்கிற மாதிரி.

சத்தம் இல்லாதது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவளும் பேசவில்லை என்றால் அமைதிதானே? 'பரவாயில்லை, பக்குவம் வந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் ரெண்டு பேரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அஞ்சலை சொன்ன அன்று சாயங்காலம் பவித்ராவை டியூஷனிலிருந்து கூட்டி வந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ப்பா, அம்மா திட்டவே மாட்டேங்குது."

"ஜாலிதானே?"

"இல்லப்பா. பயமா கீது."

"இதுல இன்னா பயம்?"

"நேத்து சுஜி வேணும்னே தண்ணி சொம்ப தட்டி வுட்டா. டெஸ்ட் பண்றேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் தட்டுனா. அம்மா ஒண்ணும் சொல்லல. துணி எடுத்தாந்து தொடச்சுது. அப்புறம் பால தட்டி வுட்டா. அதையும் தொடச்சுது. போய் செவுத்து பக்கமா திரும்பி படுத்துக்கிச்சு."

"பாலையுமா?"

"ம். சுஜியே அழுதுட்டா."

பாலைக் கொட்டியும் கலா சும்மா இருந்தாள் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒரு சிக்னல் தாண்டிப் போனேன். அடுத்த சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பைக்கில் நின்றவன் என்னைத் திட்டினான். அவனாவது திட்டினான்.

மறுநாள் லஸ் பக்கத்தில் எங்கள் ஸ்டாண்டில் கேட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும். சரியான பதிலா என்பது வேறு.

"கண்ணு பட்டுக்கீது மாமா" என்றான் முருகன். அவன் என்னைவிடச் சின்னவன். எல்லாவற்றுக்கும் அவனிடம் எலுமிச்சம்பழம்தான். "ஒரு பழம் வாங்கி தலைய சுத்தி முச்சந்தில போடு."

பாஷா பாய் ஸ்டாண்டில் பெரியவர். "அதெல்லாம் வேணாம் தம்பி. பிரியாணி வாங்கினு போ. பிரியாணி துன்னுட்டு யார்னா மூஞ்ச தூக்கி வச்சுகினு இருந்து பாத்துகிறியா?"

"பீச்சுக்கு இட்டுகினு போ மாமா" என்றான் முருகன் மறுபடியும். எலுமிச்சம்பழம் எடுபடவில்லை என்று தெரிந்துவிட்டது. "காத்து பட்டா சரியாப் பூடும்."

எனக்குப் பீச் பிடித்தது. வண்டி இருக்கிறது. கடல் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் இன்னொன்று நடந்தது. மாட வீதிப் பக்கம் ஒரு மேடம் என் வண்டியில் வருவார். பையனை அடையாறில் பாட்டு கிளாசில் விட்டுவிட்டு, அதே வண்டியில் திரும்புவார். அன்று திரும்பும்போது போனில் சிநேகிதியிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"ஆத்துக்குப் போகவே பிடிக்கலைடி... கொழந்தை அம்மான்னு கூப்ட்டாலே பக்குங்கறது. ஆசையாத்தான் கூப்பிடறான், தெரியறது. ஆனா நேக்கு ஒண்ணும் வரலை... இல்லடி, கோபம்கூட இல்லை. கோபப்படறதுக்குத் தெம்பு வேணுமே. பேரண்டல் பர்ன்-அவுட்டாம். கவுன்சலிங் போனேனே, அங்க சொன்னா."

சவாரி போனில் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. அன்று அவர் போனை வைக்கும் வரை காத்திருந்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வியாதி பேரு சொன்னீங்களே... அது இன்னா?"

"ஏம்ப்பா, ஒட்டுக் கேட்டுண்டா வரே?"

"ஆட்டோல ஒட்டு கேக்க வேணாம் மேடம். தானா கேக்குது."

சிரித்துவிட்டார். "வியாதின்னு சொல்ல முடியாது. அம்மாவா இருக்கறதுக்கு லீவே கெடையாது இல்லையா? செஞ்சுண்டே இருக்கோம், செஞ்சுண்டே இருக்கோம்... ஒரு நாள் பாத்தா உள்ள ஒண்ணும் மிச்சம் இல்லை. அப்பாக்களுக்கும் வருமாம்."

"அப்பாவுக்குமா?"

"வருமாம். எங்காத்துல இன்னும் வரலை. வந்தா கேக் வெட்டணும்."

"கத்துவாங்களா மேடம், கத்த மாட்டாங்களா?"

"சில பேர் நாள் பூரா கத்திண்டே இருப்பா. நான் கத்தறதை நிறுத்திட்டேன். உங்காத்துல?"

"நின்னுடுச்சு" என்றேன்.

வண்டி மாட வீதிக்குள் திரும்பியது. இறங்கும்போது, "அவாளைக் கொஞ்சம் தனியா விடுங்கோ" என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனேன்.

ரெஸ்ட் எடுக்கப் போகிறோம் என்று சொன்னது நான். மூட்டை கட்டியது கலா. எழுந்து புளிசாதம் கிளறினாள். உருளைக்கிழங்கு வறுத்தாள். தண்ணீர் பாட்டில், துண்டு, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி, ஈரத்துணி போட ஒரு கவர், சுஜிக்கு வாந்தி வந்தால் இன்னொரு கவர். நான் வண்டியைத் துடைத்தேன்.

பீச்சில் சுஜி அலைக்குள் ஓடினாள். கலா பின்னாலேயே ஓடினாள். பவித்ராவின் செருப்பில் ஒன்றைக் கடல் எடுத்துக்கொண்டது. கலா தேடினாள். சுஜி பஜ்ஜி கேட்டாள், தின்றாள், காரம் என்று அழுதாள். கலா தண்ணீர் கொடுத்தாள். நான் மணலில் மல்லாந்து படுத்திருந்தேன்.

"காத்து சூப்பரா கீது இல்ல?" என்று கேட்டேன்.

சுஜியின் காதுக்குள் இருந்த மணலை முந்தானையால் எடுத்துக்கொண்டிருந்தாள் கலா. திரும்பி என்னைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நான் கடலில் குதித்திருக்க வேண்டியிருக்கும். அன்று அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஏதோ வழி கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திரும்பிக்கொண்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தோம். சந்தில் வண்டியை நிறுத்தினேன். நான் இறங்கினேன். பிள்ளைகள் இறங்கினார்கள். கலா இறங்கவில்லை.

"இன்னா, எறங்கல?"

"எறங்குனா வேல" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. நின்றேன்.

"மணலு துணி, பாத்திரம், சுஜிய குளிப்பாட்டணும், நாளைக்கு யூனிபார்ம்... எல்லாம் உள்ள நிக்குது. வண்டில குந்திகினு கீற வரைக்கும் நான் சவாரி. எறங்குனா அம்மா. எறங்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. பின்னால் சவாரி உட்கார்ந்திருந்தால் எங்கே போகணும் என்று கேட்கலாம். எனக்கு டீ போட்டுக் கொடு என்று கேட்க முடியுமா? என் சட்டையைத் துவைத்துப் போடு என்று? உட்கார்ந்தவரை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"எங்க போணும்?" என்று கேட்டேன்.

"எங்கியாவது."

பவித்ரா சுஜியின் கையைப் பிடித்தாள். "நான் பாத்துக்கறேன் ப்பா. நீ போ."

அஞ்சலை வாசலுக்கு வந்துவிட்டாள். "இன்னா நைனா, கோச்சுகினு அம்மா வூட்டுக்குப் போவுதா?"

"ரவுண்டு."

"ரவுண்டா? சுத்தறதுக்கு இன்னா, அது வெளியூர்லேர்ந்தா வந்துகீது?"

கிளம்பினேன்.

ராயப்பேட்டை நெடுஞ்சாலை. லஸ். அப்படியே மாட வீதி. கோயில் குளத்தை ஒரு சுற்று சுற்றினேன். பூக்கடை, பாத்திரக்கடை, கோயிலுக்கு வந்த கூட்டம். கலா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு வரும். இன்னொரு சுற்று வந்தேன். ஒரு பஸ் திரும்ப முடியாமல் நின்றது. அதன் பின்னால் நாங்களும் நின்றோம்.

"சுஜி வந்து கட்டிப் புடிக்குது" என்றாள் பின்னாலிருந்து. "தள்ளி வுடணும் போல கீது."

கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளல. ஆனா தோணுது. பெத்த புள்ள. தொட்டா கல்லு மாரி குந்திகினு கீறேன். ஆபீஸ் வேன்ல வர்றப்போ நம்ப ஸ்டாப்பு வருது இல்ல... எறங்காம அப்டியே போய்கினே இருந்தா இன்னான்னு தோணுது. தெனம் தோணுது. நான் கெட்டவளா?"

"இல்ல" என்றேன்.

நிறையப் பேசத் தெரிந்தவன் நிறையச் சொல்லியிருப்பான். எனக்கு வந்தது அது ஒன்றுதான். பஸ் திரும்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு இன்னும் கொஞ்சம் வந்தது.

"அதுக்கு ஒரு பேரு கீதாம். பர்ன்-அவுட்டு. புள்ளைங்கள பாத்து பாத்து ஓஞ்சு போறது. இந்தத் தெருவுல ஒரு மேடத்துக்கும் வந்துகீது."

"மாட வீதிலயுமா?"

"ம்."

கலா யோசித்தாள். "அவங்க வூட்ல வாஷிங் மிஷினு இருக்குமே."

"இருந்தாலும் வருதாம்."

"அப்போ சரி" என்றாள்.

எது சரி என்று நான் கேட்கவில்லை. அதுவரை சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் இப்போது சாய்ந்து உட்கார்ந்தாள். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். சாந்தோம் வழியாக, கொஞ்சம் நீளமாகவே, வீட்டுக்குத் திரும்பினேன்.

சந்து முனையில், "தெனம் இப்டி ஒரு ரவுண்டு இட்டுகினு போவட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றாள். "நீ என்ன இட்டுகினு சுத்துனா வூட்டு வேல இன்னா பண்ணும்? அது பாட்டுக்கு குந்திகினு கீது. திரும்பி வந்தா நான்தானே செய்யணும்?"

கஷ்டமான சவாரி.

மறுநாள் எழும்பூர் போகவில்லை. விடியற்காலைச் சவாரி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். குழாயடியில் நானே குடம் வைத்தேன். பிறகு சந்தில் நிற்கிற வண்டியில் ரெண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டினேன். மழைக்குத்தான் அதை இறக்குவோம். அன்று நல்ல வெயில்.

"போய் குந்து" என்றேன் கலாவிடம்.

"எங்க?"

"வண்டில. நீ சவாரி. ஆபீசுக்கு கிளம்பற வரைக்கும் யாரும் உன்ன கூப்ட மாட்டாங்க."

வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்பது போல என்னைப் பார்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "படுதா எறங்கி இருந்துச்சுன்னா அம்மா வூட்ல இல்ல."

சுஜி குனிந்து பார்த்தாள். "கால் தெரியுதே?"

"கால் தெரிஞ்சாலும் இல்ல."

வேலை எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. அரிசி களைந்தேன், பருப்பு வைத்தேன். கை செய்யும். ஆனால் கேள்வி? அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ப்பா, இன்னிக்கு ஒயிட் யூனிபார்மா கலரா?" "ப்பா, சார்ட் பேப்பர் வாங்கிட்டியா?" "ப்பா, என் சீப்ப சுஜி எடுத்துட்டா." "ப்பா, மிஸ் கையெழுத்து கேட்டாங்க." "ப்பா, குக்கர் கத்துது." "ப்பா, இதுக்கு எந்த மூடி?"

எந்த மூடி என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் எந்தத் தெரு ஒன்வே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். எங்கள் வீட்டில் எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று தெரியவில்லை. கலாவுக்குத் தெரியும். மூடி மட்டும் இல்லை. புதன்கிழமை வெள்ளை, வெள்ளிக்கிழமை நகம் பார்ப்பார்கள், பவித்ராவுக்குக் கத்தரிக்காய் அரிக்கும் — எல்லாம் அவள் தலையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைக்கிறோம். இதை எங்கே அணைப்பது?

சுஜிக்குத் தலை பின்னினேன். ஆக்சிலேட்டர் கேபிள் கட்டிப் பழகிய கை. கேபிள் ஆடாது. சுஜி ஆடினாள்.

படுதா கட்டளையை முதலில் மீறியவன் யார் தெரியுமா? நான்தான். சாம்பார் கொதிக்கிறது. வண்டிப் பக்கம் போய் மெதுவாகக் கேட்டேன்.

"பெருங்காயம் எங்க கீது?"

உள்ளே இருந்து குரல் வந்தது. "மீட்டர் போட்டுகிறியா?"

"இல்ல."

"அப்போ பேசாத."

சுஜி என் பின்னால் நின்றாள். "ப்பா, அம்மா வூட்ல இல்லன்னு நீதான சொன்ன?"

பெருங்காயம் இல்லாத சாம்பார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். மாறவில்லை. முதல் சில நாள் கலா வண்டிக்குள் தூங்கினாள். உட்கார்ந்தபடியே, கம்பியில் தலையைச் சாய்த்து. சுஜி போய்க் கட்டிப் பிடித்தால் அவள் கை சும்மாவேதான் கிடந்தது. நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். சுஜியும் அதைப் பார்த்தாள். ரெண்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பது நம் வசதி.

"இப்டியே இருந்துச்சுன்னா டாக்டராண்ட போலாம்" என்றேன் ஒரு நாள்.

"போலாம். மொதல்ல தூங்கிக்கிறேன்" என்றாள்.

பவித்ரா ஓடி ஓடி உதவ வந்தாள். தங்கச்சி பேக்கை அவளே அடுக்கினாள், பாத்திரத்தையும் எடுத்தாள். நல்ல பிள்ளை. அதனாலேயே நிறுத்தினேன். அம்மாவின் பாரத்தை இறக்கிப் பெண்ணின் தலையில் வைத்தால் அது என்ன ஓய்வு? ஷிப்ட் மாற்றம்.

ஸ்டாண்டுக்கு லேட்டாகப் போனேன். முருகன் காத்திருந்தான்.

"இன்னா மாமா, வண்டிய வூடா மாத்திட்டியாமே? கரண்ட் கனெக்சன் வாங்கிட்டியா?"

"பொண்டாட்டி ரெஸ்ட் எடுக்குது."

"வூட்ல எடுக்கக் கூடாதா?"

"வூட்ல எடுக்க முடியுமான்னு உன் வூட்ல கேட்டுப் பாரு."

கேட்டிருக்கிறான் போல. மறுநாள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. எலுமிச்சம்பழம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு காலை படுதாவுக்குள் எஃப்.எம். சத்தம் கேட்டது. இன்னொரு நாள் படுதாவின் ஓரத்தை விலக்கித் தெருவை வேடிக்கை பார்த்தாள். நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள்.

இந்த வாரம் புதன்கிழமை வந்தது. வெள்ளை யூனிபார்ம் நாள். முந்தின நாள் மழை. துவைத்துப் போட்ட துணி காயவில்லை. இஸ்திரிப் பெட்டியில் சூடு வரவில்லை. சுஜி ஜட்டி பனியனோடு நிற்கிறாள். நேரம் போகிறது.

எனக்கு ஒரு யோசனை. ஆட்டோவுக்கு எஞ்சின் பின்னால். ஓடினால் அந்த மூடி நன்றாகச் சுடும். வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கலா உள்ளே இருக்கிறாள் என்பது மறக்கவில்லை. சவாரி இருந்தால் என்ன, எஞ்சின்தானே ஓடுகிறது? சுஜியின் வெள்ளை கவுனை மூடி மேல் விரித்துப் போட்டேன். நல்ல சூடு. எனக்கே என்னைப் பிடித்தது.

படுதா விலகியது.

"வண்டி இன்னாத்துக்கு ஸ்டார்ட்டுல கீது?"

"யூனிபார்ம் காயுது."

கலா இறங்கி வந்தாள். கவுனைத் தூக்கிப் பார்த்தாள். முதுகு முழுக்க எஞ்சின் மூடியின் கம்பிக் கோடு, கறுப்பாக, வரிசையாக. வரிக்குதிரை.

சுஜி என்னைப் பார்த்தாள். பவித்ரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கலாவைப் பார்த்தேன். துணி எடுத்துத் துடைக்கப் போகிறாளா? பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறாளா?

"யோவ்" என்றாள்.

அப்படியே நின்றேன்.

"இது இன்னா புள்ளயோட துணியா, வண்டி தொடைக்கிற துணியா? ஊர் உலகத்துல எஞ்சின் மேல துணி காயப் போடுற ஆள எங்கியாவது பாத்துகிறியா? நாளைக்கு இட்லிய சைலன்சர்ல வேக வைப்பியா? பக்கத்து வூட்ல இஸ்திரிப் பொட்டி கேட்டா வாய்ல கீற முத்து கொட்டிடுமா? இதுல தலைய வேற பின்னி வச்சுகிறான் பாரு, எலி கொறிச்ச கயிறு மாரி..."

மூச்சு விடவில்லை. குழாயடியில் குடங்கள் அசையாமல் நின்றன. அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டாள்.

சுஜி ஓடிப்போய்க் கலாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் கலாவின் கையைத்தான் பார்த்தேன். குளத்தங்கரையில் அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

வாய் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. கை சுஜியின் தலைக்குப் போனது. அந்தக் கோணல் பின்னலை அவிழ்த்தது. விரலால் கோதியது. கோதிக்கொண்டே இருந்தது.

"ப்பா" என்றாள் பவித்ரா மெதுவாக. "வந்துடுச்சு."

"ம்" என்றேன். எஞ்சினை அணைத்தேன்.

சுஜி அன்று கலர் டிரஸ்சில் போனாள். அங்கே டீச்சர் திட்டினார்களாம். அதையும் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள்.

கத்துகிற அம்மாவைப் பார்த்தால், பாவம் பிள்ளைகள் என்கிறோம். கத்தாமல் போன அம்மாவைப் பார்த்தால்? பொறுமைசாலி என்று பாராட்டுகிறோம். பாராட்டி வைத்துவிட்டால் அவள் எங்கே போய் முடியவில்லை என்று சொல்லுவாள்? அதனால் உங்கள் வீட்டில் சத்தம் நின்றிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அம்மாவோ, அப்பாவோ. ஆட்டோ வேண்டும் என்று இல்லை. மொட்டை மாடி போதும், ஒரு பார்க் பெஞ்சு போதும். ஆனால் அந்த நேரத்துக்கு வீட்டில் வருகிற கேள்விக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மூடி எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே போகக் கூடாது.

கலா இன்னும் முழுசாகச் சரியாகிவிடவில்லை. சில நாள் நன்றாகத் திட்டுகிறாள், சில நாள் வண்டியில் போய் உட்காருகிறாள். காலை வேலை என்னுடையது. அது மாறாது.

நேற்று சமையலை முடித்துவிட்டுக் கிளம்பினேன். கலா வீட்டுக்குள் சுஜிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சந்துக்கு வந்தால் வண்டியில் படுதா இறங்கியிருக்கிறது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அஞ்சலை. கையில் டீ டம்ளர். முன் கம்பி மேல் காலைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"இன்னா அஞ்சலை இது?"

"கொஞ்ச நேரம், நைனா. வூட்ல மூணு பசங்களும் ஒண்ணா கத்துது."

"நான் ஸ்டாண்டுக்குப் போணுமே?"

கலா சீப்போடு வெளியே வந்தாள். உள்ளே பார்த்தாள். படுதாவை என் கையிலிருந்து வாங்கி, இறக்கி, கட்டினாள்.

"ஏறி குந்துன சவாரிய எறக்கி வுடுவியா நீ?" என்றாள்.

ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன்.